மணிரத்னம் படங்கள்: ராமநாதபுரம் கரையில் நெடுநாள் ஓடிய பிறகு

முதல் நாள் முதல் காட்சி முடிந்த சூட்டில் எழுதிய விமர்சனங்கள் மணிரத்னத்துக்கு ஏராளம். 1986-ன் ‘மௌன ராகம்’ தொடங்கி 2025-ன் ‘தக் லைஃப்’ வரை ஒரே கரைக்காரர்கள் அவரை விடாமல் பார்த்துவந்தால் அந்தப் பிரியம் எங்கே தேய்கிறது, எங்கே கெட்டியாக நிற்கிறது என்பது பற்றித்தான் பேச்சு குறைவு. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்குமான கரைக்கு இதைச் சொல்லத் தனித் தகுதி உண்டு. அவருடைய படம் ஒன்று இங்கேயே வந்து கரையேறுகிறது. இன்னொன்று இங்கே தினமும் புழங்கும் ராமாயணத்தைக் கையில் எடுக்கிறது. மற்றொன்று கடல் என்றே பெயர் வைத்துக்கொண்டு வந்தது. ‘நாயகன்’ படத்தில் நடித்த கமல்ஹாசனோ பரமக்குடிக்காரர்.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம். கதைக்காக அவரைப் பிடித்துக்கொண்டவர்கள் 2004-லிருந்து 2010-க்குள் கழன்றுகொண்டார்கள். பாட்டுக்காகப் பிடித்தவர்கள் ‘செக்கச்சிவந்த வானம்’ வந்தபோது முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு காட்சியை அவர் எப்படிக் கட்டுகிறார் என்று பார்க்கப் பழகியவர்கள்தான் ‘தக் லைஃப்’புக்குப் பிறகும் பழைய படங்களை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். ரசிகராக நீண்ட நாள் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் முதல் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு நகர்ந்தாக வேண்டும். அது தானாக நடக்காது. கொஞ்சம் வேலை இருக்கிறது.

இருட்டும் முணுமுணுப்பும்

ஆரம்ப காலத்தில் இந்தப் பக்கம் அவர்மேல் இருந்த புகார் இரண்டுதான்: ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இதில் பாதிப் பழி படத்துக்கு, பாதி கொட்டகைக்கு.

‘மௌன ராகம்’, ‘நாயகன்’, ‘அக்னி நட்சத்திரம்’ மூன்றுக்கும் ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். ஜன்னல் வெளிச்சம், ஒற்றை விளக்கு, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒளி. நகரத்தில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் சின்ன ஊருக்கு வரும். கார்பன் குச்சி சீக்கிரம் தீரக் கூடாதென்று புரொஜெக்டரின் ஆர்க் விளக்கைக் குறைந்த கரண்டில் ஓட்டுவார்கள். பழுப்பேறிய திரை மிச்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கை விழுங்கும். பாதி இருட்டில் இருக்க வேண்டிய முகம் முழு இருட்டில் போய்விடும். மற்ற இயக்குநர்களின் படங்களில் செட் முழுக்க வெளிச்சம் கொட்டியிருக்கும் என்பதால் இதே கொட்டகையில் அவை பிழைத்துக்கொண்டன.

ஒலியும் அப்படியே. அன்றைய வழக்கமான வசனத்தில் ஒரே செய்தி மூன்று தடவை வரும். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று காதில் விழும். மணிரத்னம் ஒரு தடவைதான் சொல்வார், அதையும் இரண்டு மூன்று சொல்லில் முடித்துவிடுவார். தகரக் கூரை, மின்விசிறி இரைச்சல், திரைக்குப் பின்னால் ஒற்றைப் புனல் ஸ்பீக்கர் என்றிருக்கும் இடத்தில் அந்த மூன்று சொல்லும் போய்விட்டால் காட்சியே போய்விடும். ‘மௌன ராக’த்தின் கணவன் மனைவி பேச்சு இங்கே பலருக்கும் முதலில் புரிந்தது தொலைக்காட்சியில்தான்.

தொலைக்காட்சியும் முழு நியாயம் செய்யவில்லை. ஸ்கோப்பில் எடுத்த படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு, பழைய டிவியின் திரை 1.33 மடங்கு. கறுப்புப் பட்டை வேண்டாமென்று திரையை நிரப்பிப் போட்டால் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு வெட்டுப்படும். அவர் படங்களில் இரண்டு பேர் சட்டகத்தின் இரண்டு ஓரத்தில் நின்று பேசுவது அடிக்கடி வரும். வெட்டிய பிரதியில் நடுவிலுள்ள சுவர்தான் மிஞ்சும். அடுத்து வந்த விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளி. இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். இந்தக் கரையில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: உப்புக் காற்றில் ஆடியோ வீடியோ வயரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்து ஒரு பக்கச் சத்தம் போய்விடும். ரஹ்மான் இசையை இடது காதில் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்றால் அது வேடிக்கைப் பேச்சில்லை.

இப்போது ஓடிடியில் பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டிவியில் ‘விவிட்’ என்ற அமைப்பை எடுத்துவிட்டு ‘சினிமா’ அல்லது ‘மூவி’ வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ‘அக்னி நட்சத்திர’த்தில் வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சத்தை அது கெடுத்துவிடும். கறுப்புத் தலைமுடி இருட்டுச் சுவரிலிருந்து பிரிந்து தெரிகிற அளவுக்கு மட்டும் பிரைட்னஸை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் கறுப்பு சாம்பலாகிவிடும். தனி ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒலியில் 5.1 (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) வேண்டாம், ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 5.1-ல் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்படுகிறது. டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அதை அமுக்கும்போது பின்னணி இசை எழும்பி, பேச்சு அடியில் போய்விடும். ‘அவர் படத்தில் எதுவுமே கேட்காது’ என்ற பழைய புகாரில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

படகு கரைக்கு வரும் படம்

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வெளியானது 2002 பிப்ரவரி 14. எட்டு நாள் கழித்து, 22-ம் தேதி, இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மற்ற ஊர்களில் அது தாயைத் தேடும் குழந்தையின் படம். இங்கே அது ஆவணம் பார்க்கிற கண்ணோடு பார்க்கப்பட்டது. 1983-லிருந்து அலை அலையாக ஆட்கள் வந்திறங்கிய கரை இது. இரவில் படகோட்டி தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். விடிந்த பிறகு யாராவது பார்த்துத் தகவல் சொல்லி, கரைக்குக் கொண்டுவந்து, போலீஸ் விசாரணை, அதன் உளவுப் பிரிவான கியூ பிரிவு விசாரணை எல்லாம் முடிந்துதான் மண்டபம் அகதிகள் முகாம். படத்தில் இந்த வரிசை சுருங்கிவிடுகிறது. கதைக்கு அது தேவையில்லை என்பது நியாயம். ஆனால் அந்தக் காத்திருப்பைத் தெரிந்தவர்களுக்கு, குழந்தையின் தாய் ஷ்யாமா கர்ப்பிணியாகப் படகேறி முகாமுக்கு வந்து சேரும் பகுதி ஓட்டமாக ஓடியது போலத்தான் இருந்தது.

இரண்டாவது சிக்கல் காது. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட கரை. மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் வேறு வேறு என்று காதாலேயே பிரிக்கத் தெரிந்த ஊர்கள். நந்திதா தாஸ், ஜே.டி. சக்கரவர்த்தி, பிரகாஷ் ராஜ் மூவரும் அந்தப் பேச்சுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். திருமண வீட்டுக் காட்சியில் சுற்றியிருப்பவர்கள் பேசுவதில் இருக்கும் இழுவை முக்கியப் பாத்திரங்களிடம் வரும்போது தளர்கிறது. சென்னையில் பார்த்தவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். தங்கச்சிமடத்தில் பார்த்தவர் பத்தாவது நிமிடத்திலேயே பிடித்திருப்பார். இலங்கைக் காட்சிகள் இலங்கையில் எடுக்கப்பட்டவையும் அல்ல. மண்ணின் நிறம், பனையின் அடர்த்தி எல்லாம் வேறாக இருப்பது பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாமல் போகாது.

இவ்வளவு குறை சொல்லியும், இந்தக் கரையில் நாள்பட நாள்பட மதிப்பு ஏறிய படம் இதுதான். காரணம் முதல் பாதி. எழுத்தாளர் திருச்செல்வன் முகாமில் விடப்பட்ட குழந்தையைப் பற்றி ‘குடை’ என்று ஒரு சிறுகதை எழுதுகிறான். அந்தக் கதையைப் படித்த இந்திரா, கதைக்குப் பிறகு அந்தக் குழந்தை என்ன ஆனது என்று பார்க்கக் கிளம்புகிறாள். எழுதுவது வேறு, வளர்ப்பது வேறு என்ற விஷயத்தை ஒரு வசனமும் விளக்காமல் வைத்திருக்கிறார்கள். முகாமைச் செய்தியாக எழுத வந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்த ஊர்களுக்கு அந்தக் கூர்மை முதல் பார்வையில் பிடிபடவில்லை; மூன்றாவது பார்வையில் பிடிபட்டது. வசனம் சுஜாதா, படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். 50-வது தேசிய விருதுகளில் படம் ஆறு விருது வாங்கியது; அதில் படத்தொகுப்பும் ஒன்று. பிறந்தநாள் அன்று சிறுமி அமுதாவிடம் உண்மையைச் சொல்லும் பகுதியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். எப்போது குழந்தையின் முகத்துக்கு வெட்டுகிறார்கள், எப்போது வெட்டாமல் காக்க வைக்கிறார்கள் என்பது தெரியும்.

இங்கே ராமாயணம் ஊர்வழி

‘ராவணன்’ 2010 ஜூனில் வந்தபோது வெளியூர்களில் எழுந்த கேள்வி, யார் ராமன், யார் ராவணன் என்பது. ராமேஸ்வரத்தில் அது ஒரு கேள்வியே இல்லை. கந்தமாதன பர்வதம், வில்லூண்டித் தீர்த்தம், திருப்புல்லாணி, தேவிபட்டினம் நவபாஷாணம் என்று பஸ் நிறுத்தம் நிறுத்தமாக ராமாயணம் இறங்கி ஏறுகிற ஊர். அதனால் கார்த்திக் மரத்திலிருந்து தாவி வந்து அனுமனாகும் இடங்கள் எல்லாம் சொன்னதையே அடிக்கோடு போட்டுச் சொல்வது போலப் பட்டன. படம் இங்கே சோர்வு தந்ததற்கு அதுதான் முதல் காரணம்.

ஆனால் ஓர் இடம் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே தைத்தது. தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. விபீஷணன் சரணடைந்து பட்டம் சூட்டப்பட்ட இடம் என்று நம்பப்படுவது. படத்தில் ராவணன் இடத்திலிருப்பவன் வீரா, ராமன் இடத்திலிருப்பவன் தேவ். சமாதானம் பேசப் போகும் வீராவின் தம்பி சக்கரை, தேவின் கையால் கொல்லப்படுகிறான். விபீஷணனுக்கு அடைக்கலம் கொடுத்த கதையை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டதுதான் படத்தின் உண்மையான துணிச்சல். வீராவின் ஆவேசம், அருவி, மழை எல்லாவற்றுக்கும் நடுவில் அது மூழ்கிவிட்டது.

இந்தக் காலகட்டத்தில் பிரியம் தேய்ந்ததற்கு வேலை முறையிலேயே ஒரு காரணம் உண்டு. ‘ஆய்த எழுத்து’ம் ‘யுவா’வும், ‘ராவணன்’, ‘ராவண்’ இரண்டும் தமிழுக்கும் இந்திக்கும் சேர்த்துச் செய்தவை. முன்னதில் ஊர் மாறியது. சென்னைக்குப் பதில் கொல்கத்தா. பின்னதில் ஒரே காடு இரண்டு மொழிக்கும் பொருந்த வேண்டியிருந்தது. எந்த மாவட்டத்துக் காடு என்று சொல்ல முடியாத ஒரு காட்டில், எந்தச் சாப்பாடு, எந்தச் சாமி, எந்த வசை என்பதும் மங்கிப்போகும். ‘நாயகன்’ தாராவியில் நடந்தாலும் அந்த மனிதர்கள் எந்த ஊரிலிருந்து போனவர்கள் என்று பேச்சிலேயே தெரியும். கதைக்காக அவரைப் பிடித்தவர்கள் கழன்றது இந்த இடத்தில்தான்.

‘கடல்’: அவர் கடல் வேறு, நம் கடல் வேறு

2013 பிப்ரவரியில் ‘கடல்’ வந்தபோது இங்கே எதிர்பார்ப்பு பெரிது. ஏமாற்றமும் அதே அளவு. அந்தப் படத்தின் கரை மணப்பாடு பக்கத்துக் கரை. ஜெயமோகனின் வசனம் தென்கோடிக் கரைப் பேச்சு. மணல் மேடு, கரையில் வந்து அறையும் உயர்ந்த அலை. பாக் நீரிணை பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதே அரிது. வடகிழக்குக் காற்றான வாடை இல்லாத மாதங்களில் குளம் போலக் கிடக்கும். இங்கே வடக்கே அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல், தெற்கே அலையடிப்பதை ஆண் கடல் என்று சொல்வார்கள். படத்தில் இருப்பது ஆண் கடல் மட்டும். இதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லைதான், படம் நம் ஊர் என்று சொல்லவே இல்லை. ஆனால் ‘மணிரத்னம் கடற்கரைப் படம் எடுக்கிறார்’ என்ற செய்தியை இந்தக் கரை தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது.

படத்தின் கோளாறு கடலில் இல்லை. குருமடத்தில் சாமும் பெர்க்மான்ஸும் மோதும் தொடக்கம் அவர் எடுத்த நல்ல தொடக்கங்களில் ஒன்று. அரவிந்த் சாமி, அர்ஜுன் இருவருக்கும் இடையில் கதை அங்கேயே முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிறகு அந்த முடிச்சை விட்டுவிட்டு இரண்டு புதுமுகங்களின் காதலுக்குப் போகிறது. தொடக்கத்தில் கட்டிய கனத்தைச் சுமக்க அந்தக் காதலுக்கு வலு போதவில்லை. மறுபடி பார்ப்பவர்கள் முதல் அரை மணி நேரத்தைப் பாருங்கள். பாட்டுகளைத் தனியாகக் கேளுங்கள். உச்சக்காட்சிப் புயலை விட்டாலும் நஷ்டமில்லை.

ஏறியதும் இறங்கியதும்

வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளித்தால் பாம்பன்காரர் தென்கடலுக்கு வலையை மாற்றுவார். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது திரும்ப வடகடல். ‘பம்பாய்’, ‘இருவர்’ விஷயத்தில் நெடுநாள் ரசிகர்கள் செய்ததும் அதுவே.

1995-ல் ‘பம்பாய்’ உயரத்தில் இருந்தது. இரண்டு அப்பாக்கள், இரண்டு கோபம், இரண்டு பக்கமும் சமமான இழப்பு. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் என்று அன்றாடம் கலந்து வாழும் ஊர்களில் அதை இன்று பார்த்தால் அந்தச் சமநிலை தராசில் நிறுத்தி வைத்தது போலத் தெரிகிறது. ஷைலா பானுவின் வீட்டில் புர்காவும் அப்பாவின் ஆத்திரமும் இருக்கின்றன. அந்த வீட்டு அடுக்களை இல்லை, கேலிப்பேச்சு இல்லை, தூரத்து ஊருக்குச் சம்பாதிக்கப் போன அண்ணன் இல்லை. ராஜீவ் மேனனின் ஒளிப்பதிவும் ரஹ்மானின் இசையும் தேயவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எம்.ஜி.ஆர்., கருணாநிதி நட்பைத் தழுவிய ‘இருவர்’ 1997 பொங்கலுக்கு வந்து ஓடாமல் போனது. அன்று பார்த்தவர்கள் மூன்று மணி நேரமும் இது யார், அது யார் என்று ஆள் அடையாளம் கண்டுபிடிப்பதிலேயே போக்கினார்கள். அடையாளப் போட்டி முடிந்த பிறகுதான் நட்பின் படம் வெளியே வந்தது. மோகன்லாலும் பிரகாஷ் ராஜும் பேசும் காட்சிகள் பல, கட் இல்லாமல் நீண்ட ஷாட்டாக ஓடுகின்றன. கேமரா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரும்போது யார் கை ஓங்குகிறது என்பது வசனத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சந்தோஷ் சிவனுக்கு ஒளிப்பதிவுக்கும் பிரகாஷ் ராஜுக்குத் துணை நடிப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. மணிரத்னத்தின் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் அது ‘நாயகன்’ அல்ல, ‘இருவர்’ என்பதே இந்தப் பகிர்வின் பக்கச்சாய்வு.

பாட்டும் பரமக்குடியும்

‘தளபதி’ வரை இளையராஜா, 1992-ன் ‘ரோஜா’விலிருந்து ரஹ்மான். பாட்டு கேசட் முதலில் வந்துவிடும். படம் வருவதற்குள் மனசுக்குள் ஒரு படம் ஓடி முடிந்திருக்கும். அந்தப் பழக்கம்தான் பின்னால் பிரச்சினையானது. ‘செக்கச்சிவந்த வான’த்தில் பாட்டுகள் துண்டு துண்டாகப் பின்னணியில் போயின. ‘தக் லைஃப்’பில் எல்லோரும் முணுமுணுத்த ‘முத்த மழை’ திரையரங்குப் பதிப்பில் வரவே இல்லை. படத்தொகுப்பின் கணக்கில் அது சரியாக இருக்கலாம். பாட்டை வைத்து உறவு கொண்டாடியவருக்கு அது கணக்கில்லாத வெட்டு.

‘தக் லைஃப்’ மேல் இந்த மாவட்டத்துக்கு வேறு பாத்தியதையும் இருந்தது. ‘நாயகன்’ வந்து 38 வருடம் கழித்துக் கமலும் மணிரத்னமும் சேர்ந்தது. ஜூன் 5 வெளியீடு, மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது, விசைப்படகுக்காரர்கள் கரையில்தான். (‘பொன்னியின் செல்வன் 2’, ‘ஓ காதல் கண்மணி’, ‘ஆய்த எழுத்து’ மூன்றும்கூடத் தடைக்கால வெளியீடுகள். மற்ற மாதங்களில் வெள்ளி இரவுக் காட்சி ராமேஸ்வரத்தில் சரிவராது. சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போக வேண்டும்.) படம் சறுக்கியது எங்கே என்றால், சொல் சிக்கனத்தில். ‘நாயக’னில் பேரன் கேட்கும் கேள்விக்கு வேலு நாயக்கர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார், அதற்கு முந்தைய இரண்டரை மணி நேரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘தக் லைஃப்’பில் சக்திவேலுக்கும் அவர் வளர்த்த அமரனுக்கும் நடுவில் சந்தேகம் விதைக்கப்படுவதும் அது பகையாவதும் சில காட்சிகளில் முடிந்துவிடுகின்றன. வசனம் அதே சுருக்கத்தில் இருக்கிறது, உள்ளே வைக்கச் சரக்கு சேரவில்லை.

விட்டுப்போனவர்கள் மறுபடி தொடங்க

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். எட்டு வாரத்துக்கு மேல் வரும். வாரம் ஒரு படம் போதும். வெளியான வரிசையில் பார்க்காதீர்கள். ஏற்றமும் இறக்கமும் என்ற பழைய கதையைத்தான் அது மறுபடி சொல்லும். ஒரே ஒளிப்பதிவாளரின் இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். ‘மௌன ராகம்’, ‘இருவர்’, ‘அலைபாயுதே’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘நாயகன்’, ‘பம்பாய்’ என்று போனால் எது இயக்குநருடையது, எது ஸ்ரீராமுடையது, எது சந்தோஷ் சிவனுடையது, எது ரவி கே. சந்திரனுடையது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஒவ்வொரு படத்திலும் பத்து நிமிடத்தை எடுத்து முதலில் சத்தமில்லாமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தம் மட்டும், பிறகு முழுதாக. கட் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். லெனின், வி.டி. விஜயன் தொகுத்த ‘நாயகன்’, சுரேஷ் அர்ஸ் தொகுத்த ‘இருவர்’, ஸ்ரீகர் பிரசாத் தொகுத்த ‘அலைபாயுதே’ மூன்றிலும் எண்ணிக்கை வேறு. ஆனால் ஒரு காட்சி எந்த இடத்தில் முடிகிறது என்பது ஒன்றுபோல இருக்கும். பதில் வருவதற்கு முன்பே அடுத்த காட்சிக்குப் போய்விடுவது. அது அவருடையது.

‘காற்று வெளியிடை’யை இந்த வரிசையில் சேர்க்க வேண்டியதில்லை, பனிமலை அழகு, அதற்கு மேல் நாயகனைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகத்தையும் கடைசி இரண்டு வாரத்துக்கு வைக்க வேண்டாம்; சேர்த்து ஐந்தரை மணி நேரம், ஒரு வாரம் இடைவெளி விட்டால் நாவல் படிக்காதவருக்கு யார் யாருக்கு மாமன் என்பது மறந்துபோகும். ஒரே வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சரியாக இருக்கும். முதல் பாகத்தில் பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் இலங்கைக்குக் கொண்டுபோகும் பகுதியை ஹெட்போனில் கேளுங்கள். ஒலி வடிவமைப்புக்குத் தேசிய விருது வாங்கிய படம் அது. டிவி ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாக வருவது, ஹெட்போனில் துடுப்பு ஒரு பக்கம், அலை ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்கும்.